கோணி ஊசியால் தைத்த விடைகள்

தம்பி, மடியில் வைத்திருக்கிறீர்களே, அது பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் கைடுதானே? கொஞ்சம் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். விடைகள் இருக்கிறதா? அந்த விடை இந்தப் புத்தகத்து விடைதானா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். சிரிக்காதீர்கள். காரணம் இருக்கிறது, அதனால்தான் சொல்கிறேன்.

யாருக்கு, மகளுக்கா? அப்படியென்றால் இன்னும் நன்றாகவே பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கும் ஒரு மகள்தான். சண்முகக்கனி என்று பெயர். கோவில்பட்டியில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். இப்போது அவள் வீட்டுக்குத்தான் போகிறேன். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் இதுதான் முதல் தடவை. அவளோடு நான் பேசி எட்டு வருஷம் ஆகிறது. ராசியாகப் போகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு கேள்வி கேட்கப் போகிறேன். கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன்.

எட்டயபுரம் தாண்ட இன்னும் நேரமிருக்கிறது. சொல்கிறேன், நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

நான் படித்தது ஆறாம் வகுப்பு. தூத்துக்குடியில் உப்பு லோடு ஏற்றுகிற வேலை. முப்பத்தோரு வருஷம் தலையில் உப்பு மூட்டை. ஒரு ஆவணி மாசம் லாரி மேலே அடுக்கிக்கொண்டிருந்தபோது கால் வழுக்கிக் கீழே விழுந்தேன். இடுப்பு போயிற்று. ஆபரேஷன் செய்தார்கள். இரண்டு மாசத்தில் கம்பு ஊன்றி நடக்கலாம், ஆனால் இனிமேல் மூட்டையைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இரண்டு மாசம் கழிந்தது. நான் நடக்கவில்லை. நடந்து எங்கே போக? கட்டிலில் படுத்துக் கிடந்தேன். என் வீட்டுச் சுவரில் ஒரு விரிசல் இருக்கிறது, மேலே கிளம்பி ஜன்னல் பக்கம் போய் இரண்டாகப் பிரியும். அது எனக்கு மனப்பாடம். அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். யாராவது கூப்பிட்டால் திரும்ப மாட்டேன். எனக்கு ஒன்றும் இல்லை, பேசப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். என் வீட்டுக்காரி முத்துப்பேச்சி பாத்திரத்தை டங்கு டங்கென்று வைப்பாள். அப்போதும் திரும்ப மாட்டேன்.

ஐப்பசியில் மழை பிடித்தது. வீட்டுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். கனி அந்த வருஷம் பன்னிரண்டாம் வகுப்பு. பழைய புத்தகக் கடையில் வாங்கிய இரண்டு புத்தகம் வைத்திருந்தாள். ஒன்று வேதியியல், இன்னொன்று இயற்பியல். பத்து வருஷத்துப் பரீட்சைக் கேள்விகளும் கடைசியில் அவற்றுக்கு விடையும் இருக்கும். இரண்டும் தரையில் இருந்தன. தண்ணீரில் ஊறி முதுகு பிய்ந்து தாள் தாளாக வந்துவிட்டன. அவற்றை அடுப்புப் பக்கம் விரித்துக் காயவைத்தாள். மறுநாள் சாயங்காலம் தாள்களையும் என்னுடைய கோணி ஊசியையும் கொஞ்சம் சணலையும் கொண்டுவந்து என் தலைமாட்டில் வைத்தாள்.

"எப்பா, தச்சுக் குடுப்பா. ஒன்ன மாதி யாருக்குத் தைக்கத் தெரியும்?"

உப்பு மூட்டையை வாய் தைப்போமே, அந்த ஊசி. அவள் போன பிறகு திரும்பிப் பார்த்தேன். படுத்துக்கொண்டு தைக்க முடியாது தம்பி, சணலை இழுக்க முடியாது. எழுந்து உட்கார்ந்துதான் தைத்தேன். இரண்டு புத்தகம். கெட்டித் தையல். இன்றைக்கும் பிரியவில்லை, பாருங்கள், அதில் ஒன்று இந்தப் பையில்தான் இருக்கிறது.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் வேதியியல் புத்தகத்தை என் கையில் கொடுத்தாள். "எப்பா, கேள்வி கேளு."

"எனக்கென்ன தெரியும்?"

"நீ கேள்விய வாசி. நான் அ, ஆ, இ, ஈ-ல எதுன்னு சொல்றேன். கடைசிப் பக்கத்துல பாத்து, சரியா தப்பான்னு மட்டும் சொல்லு."

நான் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். 'எலக்ட்ரான்' என்று சொல்ல நாக்கு சுளுக்கிக்கொள்ளும். ஆனாலும் கேட்டேன். ஒவ்வொரு பரீட்சைத் தாளிலும் முப்பது ஒரு மார்க் கேள்வி. முப்பதையும் கேட்டேன். எத்தனை சரி என்று நினைக்கிறீர்கள்? ஏழு!

முப்பதுக்கு ஏழு. எனக்கு ரத்தம் கொதித்தது. "இதுக்குத்தான் ஒன்ன பள்ளிக்கூடத்துக்கு அனுப்புனமா? நாளைக்கே அளத்துக்குப் போயி உப்பு வாரு" என்று சத்தம் போட்டேன். இரண்டு மாசத்தில் நான் போட்ட முதல் சத்தம் அது. முத்துப்பேச்சி அடுப்படியிலிருந்து ஓடி வந்து எட்டிப் பார்த்தாள்.

கனி என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கினாள். கடைசிப் பக்கத்தைப் பார்த்தாள். கேள்விப் பக்கத்தைப் பார்த்தாள். மறுபடியும் கடைசிப் பக்கம். பிறகு என்னைப் பார்த்தாள். புத்தகத்தை மூடி என் கையிலேயே வைத்தாள்.

"நாளைக்கும் கேளுப்பா" என்றாள்.

இதை மறந்துவிடாதீர்கள் தம்பி. முதல் நாள், முதல் சாயங்காலம். பிற்பாடு சொல்கிறேன்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் ஆறு மணியிலிருந்து எட்டு மணிவரை. அவள் வருவதற்கு முன்னாலேயே முகம் கழுவி, சட்டை போட்டு, தலையணையை முதுகுக்குக் கொடுத்துத் தயாராக இருப்பேன். ஒருவரைக் கேள்வி கேட்கிறவன் அழுக்குப் பனியனோடு இருக்கலாமா? பகலில் அன்றைய கேள்விகளை நாலைந்து தடவை வாசித்துப் பழகிக்கொள்வேன். அவள் சொல்வாள், நான் "தப்பு" என்பேன். சொல்வாள், "தப்பு" என்பேன். "எங்க போச்சு ஒன் புத்தி?" என்பேன். தலையைக் குனிந்துகொள்வாள். முத்துப்பேச்சி அடுப்படியில் சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு நிற்பாள். மகள் இப்படி மக்காக இருக்கிறாளே என்று அழுகிறாள் போலும் என்று நான் நினைத்தேன்.

இயற்பியலும் கேட்கட்டுமா என்றேன் ஒரு நாள். "அது வேண்டாம்ப்பா, அத நானே பாத்துக்கிடுதேன்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டாள்.

வேதியியலில் ஒரு உப்புக் கேள்வி உண்டு. எனக்குப் பிடித்த கேள்வி. சாப்பாட்டு உப்பின் படிகத்தில் ஒரு சோடியத்தைச் சுற்றி எத்தனை குளோரைடு இருக்கும்? அ, நாலு. ஆ, ஆறு. இ, எட்டு. ஈ, பன்னிரண்டு. கனி "ஆ, ஆறு" என்பாள். கடைசிப் பக்கத்தில் ஈ என்று போட்டிருந்தது. "உப்புத் தூக்குனவன் மகளுக்கு உப்பு தெரியலையே" என்று எத்தனை தடவை திட்டியிருப்பேன்! கூட வேலை பார்த்தவர்கள் என்னைப் பார்க்க வரும்போதெல்லாம் அதைச் சொல்வேன். "ஏல, நாம தூக்குனமே, அதுக்குள்ள ஒவ்வொரு சோடியத்தையும் பன்னெண்டு பேரு சுத்தி நிக்கான்." ஒருத்தன் சொன்னான், "அதான் அண்ணாச்சி அம்புட்டு கனமா இருந்திருக்கு."

தை மாசம் பிறந்தது. அவள் பதிலில் ஒரு மாற்றம் தெரிந்தது. பத்து சரி. பதினைந்து. பிறகு இருபது. விடியற்காலையில் நான் விழித்துப் பார்த்தால் விளக்கடியில் உட்கார்ந்து அந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களை வைத்து உதடு அசைய அசைய படித்துக்கொண்டிருப்பாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் கண்டிப்பு வேலை செய்கிறது!

மாசியில் ஒரு சாயங்காலம். முதல் கேள்வி சரி. பத்தாவது சரி. இருபது சரி. உப்புக் கேள்வி வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். "ஈ, பன்னிரண்டு" என்றாள். அன்றைக்கு முப்பதுக்கு முப்பது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. வேறு வருஷத்தைத் திருப்பினேன், முன்னும் பின்னுமாகக் கேட்டேன். அதிலும் முப்பது. பத்து வருஷக் கேள்வியில் எதைத் தொட்டாலும் சொன்னாள்.

எழுந்தேன். நேராகத் தெருமுனைக்குப் போய் அரைக் கிலோ மஸ்கோத் அல்வா வாங்கி வந்தேன். வீட்டுக்குள் நுழையும்போது தாயும் மகளும் வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தார்கள். "முப்பது வாங்குனதுக்கா அழுகிய? இருநூறு வாங்குனா என்ன செய்வியோ" என்றேன். முத்துப்பேச்சி, "கம்பு எங்க?" என்று கேட்டாள். அதைக் கட்டிலிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறேன். அல்வா வாங்கி வந்தவனிடம் கம்பு எங்கே என்று கேட்கிறாள். அவள் புத்தி அப்படி.

பரீட்சையன்று காலையில்கூட வாசலில் நிறுத்தி ஒரு தடவை கேட்டேன். "உப்பு?" "ஈ, பன்னிரண்டு." "போயிட்டு வா."

சாயங்காலம் வந்தாள். "உப்புக் கேள்வி வந்ததா?"

"வந்துச்சுப்பா."

"என்ன எழுதுன?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "நீ சொல்லிக் குடுத்ததத்தான்" என்றாள்.

ரிசல்ட் வந்தது. வேதியியலில் இருநூறுக்கு நூற்றுத் தொண்ணூற்று நாலு. நான் தெருவில் இறங்கினேன். என் தெருவில் சவரிமுத்து டீக்கடை இருக்கிறது. அங்கே உட்கார்ந்து வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொன்னேன், ஐந்து மாசம் கேள்வி கேட்டவன் நான் என்று. பொய்யா சொன்னேன்? தெருவே என்னை 'வாத்தியாரே' என்று கூப்பிட ஆரம்பித்தது. மரியாதையாகத்தான் கூப்பிட்டார்கள், அப்போது.

சவரிமுத்துவின் தங்கை மகள் அடுத்த வருஷம் பன்னிரண்டாம் வகுப்பு. "அண்ணாச்சி, அந்த ராசியான புத்தகத்தக் குடுங்க" என்றான். மறுக்க முடியுமா? கனி அன்று கல்லூரிக்கு மனு வாங்கப் போயிருந்தாள். நானே எடுத்துக் கொடுத்தேன். மூன்றாம் நாள் திரும்பி வந்தது. கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எல்லோர் முன்னாலும் சவரிமுத்து சொன்னான், "அண்ணாச்சி, டியூஷன் வாத்தியாரு பாத்துட்டு விழுந்து விழுந்து சிரிக்காராம். ஒங்க புத்தகத்துக்கு ஒடம்பு வேதியியலு, வாலு இயற்பியலு."

எனக்கு விளங்கவில்லை. விளக்கினான். தாள் தாளாகக் கிடந்ததில் விடைப் பக்கங்களை நான் மாற்றித் தைத்திருக்கிறேன். இரண்டு பாடத்துக்கும் அதே பத்து வருஷம், அதே முப்பது கேள்வி, அதே அ ஆ இ ஈ. மேலே பாடத்தின் பெயர் இருந்த இடம் தண்ணீரில் ஊறிப் போயிருந்தது. 'விடைகள்' என்று மட்டும்தான் மிச்சம். தைத்தது நான்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தையல் கெட்டி.

கடையே சிரித்தது. "வாத்தியாரே, உப்பு எத்தனை?" என்றான் ஒருத்தன். இன்றைக்கும் அந்தப் பக்கம் போனால் கேட்கிறான்கள்.

வீட்டுக்குப் போனேன். கனி வந்ததும் வராததுமாகப் புத்தகத்தை முன்னால் போட்டேன்.

"ஒனக்குத் தெரியுமா?"

புத்தகத்தைப் பார்த்தாள். பொய் சொல்லவில்லை. "தெரியும்ப்பா."

"எப்பம் தெரியும்?"

"மொத நாளே."

முத்துப்பேச்சியைப் பார்த்தேன். அவள் முகம் சொல்லிவிட்டது, அவளுக்கும் தெரியும். அடுப்படியில் வாயைப் பொத்தியது அழுவதற்கு இல்லை தம்பி. சிரிப்பதற்கு!

"தெரிஞ்சு ஏன் சொல்லல? அஞ்சு மாசம் ஒருத்தன் தப்பத் தப்பா கேட்டுக்கிட்டிருக்கான், ஏன் சொல்லல?"

அவள் என்ன பதில் சொன்னாள் தெரியுமா?

"நீ எந்திச்சு ஒக்காந்திருந்தியேப்பா."

கேட்டீர்களா? இது ஒரு பதிலா? உட்கார்ந்திருந்தால் சொல்லக்கூடாதா? நின்றுகொண்டிருந்தால் சொல்லியிருப்பாளா? எட்டு வருஷமாக யோசிக்கிறேன், எனக்குப் பிடிபடவில்லை. அன்றைக்குப் பேச்சை நிறுத்தினேன்.

சரி, ஒரு கேலிக்காக விட்டுவிட்டாள் என்று வைத்துக்கொள்வோம். ஆனால் தை மாசத்துக்கு மேல் செய்தாளே, அது? சரியான விடையைப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டு, எனக்காகத் தப்பான விடையையும் மனப்பாடம் பண்ணியிருக்கிறாள். பத்து வருஷம், முன்னூறு கேள்வி. அதில் முக்கால்வாசி தப்பு. சம்பந்தா சம்பந்தமில்லாத எழுத்துகள். விடியற்காலையில் உதடு அசைத்துப் படித்தாளே, அதைத்தான் படித்திருக்கிறாள். பரீட்சைக்கு ஒரு மாசம் இருக்கும்போது தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு! ஒரு ஆளை ஏமாற்ற யாராவது இவ்வளவு உழைப்பார்களா? உப்பளத்தில்கூட ஒருத்தரும் இவ்வளவு உழைத்து நான் பார்த்ததில்லை. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

பரீட்சையன்று, "நீ சொல்லிக் குடுத்ததத்தான் எழுதுனேன்" என்றாளே. அது நேருக்கு நேர் பொய். அவள் ஆறு என்றுதான் எழுதியிருப்பாள். உங்கள் புத்தகத்தில் அந்தக் கேள்வி இருந்தால் பாருங்கள். ஆறுதானே? தெரியும். தெரிந்துகொண்டேன்.

பேச்சை நிறுத்தியது நிறுத்தியதுதான். அவள் கல்லூரிக்குப் போனாள், அதற்குமேல் படித்தாள், எல்லாம் ஒரே வீட்டில் இருந்துகொண்டுதான். "அவளச் சாப்பிடச் சொல்லு", "அவளுக்கு பஸ்ஸு நேரமாச்சின்னு சொல்லு" என்று முத்துப்பேச்சி மூலமாகத்தான் எல்லாம். கனி பக்கத்திலேயே நிற்பாள். "கேட்டுச்சும்மா" என்று அவளும் தாயிடம்தான் சொல்வாள். ஆனால் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அந்தப் புத்தகத்தைக் கட்டில்மேல் கொண்டுவந்து வைப்பாள். நான் எடுத்து அலமாரியில் வைப்பேன். மறுநாளும் வைப்பாள். கல்யாணத்துக்கு முந்தின நாள்வரை வைத்தாள். அந்தத் திமிரைப் பாருங்கள். கல்யாணத்தில் மாலை எடுத்துக் கொடுத்தேன், வாயைத் திறக்கவில்லை.

இப்போது ஏன் போகிறேன் என்கிறீர்களா?

அவளுக்கு ஏழாம் மாசத்தில் குழந்தை தங்கவில்லை. இருபது நாள் ஆகிறது. முத்துப்பேச்சி அங்கேதான் இருக்கிறாள். நேற்று போன் பண்ணினாள். மருமகன் நல்ல பையன், அவன் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டேன் என்கிறாளாம். கஞ்சி இறங்கவில்லையாம். "சொவத்தப் பாத்துப் படுத்தே கெடக்கா. நீங்க வாங்க" என்றாள்.

"நான் வந்து என்ன செய்ய? நான் டாக்டரா?" என்று கேட்டுப் போனை வைத்துவிட்டேன்.

வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கேட்க வேண்டியதைக் கேட்காமல் எட்டு வருஷத்தை விட்டுவிட்டேன் இல்லையா? இவள் இப்படிச் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தால் நான் யாரிடம் கேட்பது? காலையில் எழுந்ததும் அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்தேன். பைக்குள் போட்டேன். பஸ் ஏறிவிட்டேன்.

விடைப் பக்கத்தைச் சரியாகத் தைத்துக் கொண்டுபோகலாமே என்கிறீர்களா? மாட்டேன். அது அப்படியே இருக்கட்டும். உப்புக் கேள்வியைக் கேட்கப் போகிறேன். ஆறு என்றால், அன்றைக்குச் சொன்னது பொய் என்று அவள் வாயாலேயே வந்துவிடும். பன்னிரண்டு என்றால், இன்னும் என்னை ஏமாற்றுகிறாள். இரண்டில் எதைச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

உடனே சொல்லிவிடுவாளா? சொல்ல மாட்டாள், அழுத்தக்காரி. முதல் கேள்வியிலிருந்து ஆரம்பிப்பேன். முன்னூறு இருக்கிறது. இன்றைக்குச் சொல்லாவிட்டால் நாளைக்கும் கேட்பேன். சாயங்காலம் ஆறு மணியிலிருந்து எட்டு மணிவரை. உடனே திரும்பிவிடுவேன் என்றுதான் சொன்னேன். ஆனால் மாற்றுத்துணி நாலு எடுத்து வைத்திருக்கிறேன்.

கண்டக்டர் விசில் ஊதுகிறார், கோவில்பட்டி வந்துவிட்டது. எழுந்திருக்க வேண்டும். பரவாயில்லை, கை கொடுக்க வேண்டாம், நானே இறங்கிவிடுவேன். பையை மட்டும் எடுத்துக் கொடுங்கள்.

ஒன்றே ஒன்று தம்பி. அவள் எந்த விடையை வேண்டுமானாலும் சொல்லட்டும். அ சொல்லட்டும், ஈ சொல்லட்டும். ஆனால் படுத்துக்கொண்டு சொன்னால் நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன். எழுந்து உட்கார்ந்துதான் சொல்ல வேண்டும்.